கனிவும் கண்டிப்பும்: உண்ணல் கோளாறுக்கு ஏன் ஆளுக்கொரு சிகிச்சை

பிரிட்டனில் எந்த நோய்க்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும் என்று வழிகாட்டுதல் எழுதும் அமைப்பின் பெயர் நைஸ். 2017 மே மாதம் உண்ணல் கோளாறுகளுக்கான அதன் புதிய வழிகாட்டுதல் வந்தது. அதில் ஒரு வரி: ஒருவருக்குச் சிகிச்சை தருவதா இல்லையா என்பதை உயரத்துக்கு எடை எவ்வளவு என்று சொல்லும் பிஎம்ஐ மாதிரி ஒற்றை எண்ணை வைத்தோ, எத்தனை காலமாக நோய் இருக்கிறது என்பதை மட்டும் வைத்தோ தீர்மானிக்காதீர்கள். இதையெல்லாமா எழுதி வைப்பார்கள் என்று தோன்றலாம். எழுத வேண்டித்தான் இருந்தது. உதவி கேட்டு வந்தவர்களை எடைக் கருவியில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "இன்னும் அந்த அளவுக்கு இறங்கவில்லையே" என்று திருப்பி அனுப்புவது அங்கே சகஜமாக நடந்துகொண்டிருந்தது. மெலிவதையே சாதனையாகக் காட்டுகிற ஒரு நோயோடு வந்து நிற்பவரிடம் 'நீ போதிய அளவு நோயாளி இல்லை' என்று சொன்னால் அவர் வீட்டுக்குப் போய் என்ன செய்வார்? இன்னும் இறக்குவார்.

அந்த வரி எழுதப்பட்ட பிறகும் பழக்கம் போகவில்லை. பதின்ம வயதில் அனோரெக்சியா என்ற உண்ணல் கோளாறால் ஓராண்டு மருத்துவமனையில் இருந்தவரான ஹோப் வர்கோ, பல ஆண்டுகள் கழித்து நோய் திரும்பி உதவி கேட்டபோது எடை போதிய அளவு குறையவில்லை என்று திருப்பப்பட்டார். அவர் 2018-ல் 'டம்ப் த ஸ்கேல்ஸ்' (எடைக் கருவியைத் தூக்கிப் போடு) என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அவருடைய கோரிக்கை புதிதாக ஒன்றுமில்லை, ஏற்கெனவே எழுதிய வழிகாட்டுதலைப் பின்பற்றுங்கள் என்பதுதான். 2017 டிசம்பரில் அந்நாட்டு நாடாளுமன்ற, சுகாதாரக் குறைதீர்ப்பாளரும் ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தார். 2012-ல் 19 வயதுப் பல்கலைக்கழக மாணவி ஒருவர் அனோரெக்சியாவால் இறந்ததை எடுத்துக்கொண்டு, அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒவ்வொரு மருத்துவ அமைப்பும் எங்கெங்கே கோட்டை விட்டது என்று வரிசையாகச் சொன்ன அறிக்கை அது.

உண்ணல் கோளாறு என்றதும் எலும்பும் தோலுமான ஓர் இளம்பெண்தான் நம் கண்ணில் வருகிறார். ஆனால் இந்தக் கோளாறுகள் உள்ளவர்களில் பெரும்பாலானோர் பார்க்க அப்படி இருப்பதே இல்லை. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் அனோரெக்சியா, அடக்க முடியாமல் சாப்பிட்டுவிட்டு அதை எப்படியாவது ஈடுகட்டத் தவிக்கும் புலிமியா, ஈடுகட்டல் இல்லாமல் அடக்க முடியாத உண்ணல் மட்டும் திரும்பத் திரும்ப வரும் பிஞ்ச் ஈட்டிங், எடையைப் பற்றிய கவலையே இல்லாமல் உணவின் மணம், பதம், தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயம் இவற்றால் சாப்பாடு சுருங்கிப் போகும் ஆர்ஃபிட் என்று பல வகை. ஆண்களுக்கும் வரும், நாற்பது தாண்டியவர்களுக்கும் வரும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம் என்ற நோயறியும் கையேடு 2013 பதிப்பில்தான் அனோரெக்சியாவுக்கு மாதவிலக்கு நின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்தது. அதுவரை மாதவிலக்கு நிற்காத பெண்கள் அந்த வரையறைக்கு வெளியேதான் நின்றார்கள். எடை இன்னும் 'சாதாரண' அளவில் இருந்தும் மற்ற எல்லா விதத்திலும் அனோரெக்சியாவாகவே இருப்பதற்கு அதே பதிப்பில் ஒரு தனி இடம் கிடைத்தது. கலிஃபோர்னியாவில் அப்படிப்பட்ட பதின்ம வயதினரை வைத்து நடத்தி 2019-ல் வெளியான ஆய்வு ஒன்றில், நாடித்துடிப்பு ஆபத்தான அளவு குறைவதற்கும் ஒருவர் இப்போது எவ்வளவு எடை இருக்கிறார் என்பதற்கும் உள்ள தொடர்பைவிட, எவ்வளவு எடையை எவ்வளவு வேகமாக இழந்தார் என்பதோடுதான் அதிகத் தொடர்பு தெரிந்தது. பருமனாக இருந்த ஒரு பையன் ஆறு மாதத்தில் சரசரவென்று இளைத்து வந்தால் ஊரே பாராட்டும், அவன் இதயம் மட்டும் வேறு கதை சொல்லிக்கொண்டிருக்கும்.

(இந்தக் கட்டுரையில் யாருடைய எடையையும், யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்ற கலோரிக் கணக்கையும் எழுதப்போவதில்லை. நோயில் இருப்பவர்கள் அந்த எண்களைப் போட்டிக்கு எடுத்துக்கொள்வார்கள்.)

கனிவான சிகிச்சை என்று சொன்னவுடன் பலர் நினைப்பது, நோயாளி சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது, கட்டாயப்படுத்தாமல் காத்திருப்பது, 'அவளுக்கே தோணும்போது சாப்பிடட்டும்' என்று விட்டுவிடுவது. அப்படி விட்டால் உயிர் போகும். மனநலக் கோளாறுகளிலேயே அதிக உயிர்களைக் கொண்டுபோகிறவற்றில் அனோரெக்சியாவும் ஒன்று, இதயம் நின்று இறப்பவர்களோடு தற்கொலையால் இறப்பவர்களும் கணிசம். ஆகவே சாப்பாடு என்பதில் பேரம் கிடையாது. யார் ஊட்டுவது, எங்கே வைத்து, என்ன வேகத்தில், பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்க, எதை முதலில் பேசி, எதைப் பேசாமல் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். இந்த இடத்துக்கு வந்து சேர மருத்துவத்துக்கு நூறு ஆண்டுக்கு மேல் பிடித்தது.

1873-ல் லண்டன் கய்ஸ் மருத்துவமனையின் வில்லியம் கல், பாரிஸின் ஷார்ல் லாசெக் இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இந்த நோயை விவரித்தார்கள். அனோரெக்சியா நெர்வோசா என்ற பெயரை வைத்தவர் கல். அவருடைய அறிவுரை கறாரானது: குறித்த நேரத்துக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும், நோயாளியின் விருப்பத்தைக் கேட்கவே கூடாது, அவர்மேல் அதிகாரம் செலுத்தக்கூடியவர்கள் சுற்றி இருக்க வேண்டும், உற்றார் உறவினர்தான் பொதுவாக மிக மோசமான பராமரிப்பாளர்கள். லாசெக்கின் கண் கொஞ்சம் வீட்டுக்குள்ளேயும் போனது. குடும்பத்தின் கையில் இருப்பவை இரண்டே ஆயுதங்கள், கெஞ்சலும் மிரட்டலும், இரண்டையும் அவர்கள் தீரும் வரை பயன்படுத்திவிடுகிறார்கள் என்று எழுதினார். நூற்றைம்பது வருடம் கழித்து இன்றைக்கு அதை நம் ஊர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தாலும் ஒரு எழுத்து மாற்ற வேண்டாம். ஆனால் அதிலிருந்து அன்றைய மருத்துவம் எடுத்துக்கொண்ட பாடம், குடும்பத்தைத் துரத்து என்பது. பாரிஸில் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ பெற்றோரை ஊரைவிட்டே போகச் சொன்னார், தனிமைப்படுத்தலே பாதி மருந்து என்று நம்பினார்.

இருபதாம் நூற்றாண்டில் அந்தத் தனிமை மருத்துவமனைக்குள் ஒரு கணக்கு முறையாக மாறியது. நோயாளி படுக்கையிலேயே இருக்க வேண்டும். கொஞ்சம் எடை கூடினால் புத்தகம் கிடைக்கும், இன்னும் கூடினால் கடிதம், அப்புறம் தொலைபேசி, அப்புறம் அம்மா வந்து பார்க்கலாம். குறைந்தால் ஒவ்வொன்றாகப் பறிபோகும். எடை ஏறத்தான் செய்தது. பலர் வெளியே போவதற்காகவே சாப்பிட்டு, வெளியே போனதும் பழையபடி இறக்கினார்கள். 1984-ல் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவன் டூயிஸ் குழு இந்தக் கறாரான முறையையும் சற்றுத் தளர்வான ஒரு முறையையும் ஒப்பிட்டுப் பார்த்தது. வாரத்துக்கு இவ்வளவு எடை கூட வேண்டும் என்று நோயாளியோடு ஓர் ஒப்பந்தம், அதைக் காப்பாற்றினால் மற்றபடி நடமாடலாம் என்பது தளர்வான முறை. எடை கூடியதில் இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. தளர்வான முறையை நோயாளிகள் எளிதாக ஏற்றுக்கொண்டார்கள், செவிலியர்களின் நேரமும் மிச்சமானது. அதாவது அந்தக் கடிதத்தையும் தொலைபேசியையும் பிடுங்கி வைத்ததால் கிடைத்த கூடுதல் பலன் என்று எதுவும் இல்லை. இந்தத் துறையில் நான் படித்த ஆய்வுகளில் என்னை அதிகம் கோபப்படுத்தியது இதுதான்.

நோயாளியைப் பிடிவாதக்காரியாகப் பார்க்கும் பழக்கம் உடைந்துபோக இன்னொரு பழைய சோதனையும் காரணம். 1944 நவம்பரில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ், போருக்குப் போக மனசாட்சி மறுத்த 36 ஆரோக்கியமான இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டார். போரால் பட்டினி கிடக்கும் ஐரோப்பாவுக்கு எப்படிச் சோறு போட்டுத் தேற்றுவது என்று தெரிந்துகொள்வது நோக்கம். 24 வாரம் அரைப்பட்டினி. உருளைக்கிழங்கு, டர்னிப், கறுப்பு ரொட்டி, மக்ரோனி. உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போனது. அதோடு வேறு ஏதேதோ நடந்தது. சமையல் புத்தகங்களைக் கதைப் புத்தகம் மாதிரி படித்தார்கள், சிலர் சேகரிக்கவே ஆரம்பித்தார்கள். கொஞ்சூண்டு சாப்பாட்டைத் துண்டு துண்டாக வெட்டி, தண்ணீர் கலந்து, மணிக்கணக்கில் இழுத்துச் சாப்பிட்டார்கள். தட்டை நக்கினார்கள். ஓயாமல் சூயிங்கம் மென்றதில் அதற்கே கட்டுப்பாடு போட வேண்டியிருந்தது. கோடையிலும் குளிரியது, நண்பர்களோடு பேச்சு குறைந்தது, எரிச்சலும் மனச்சோர்வும் கூடின. இவர்களில் யாருக்கும் அனோரெக்சியா கிடையாது. பட்டினி மூளையை என்ன செய்யும் என்பது மட்டும்தான் அது. சாப்பாட்டை நுணுக்கி நுணுக்கி வைத்துக்கொண்டு உட்காருவதை 'நடிப்பு', 'பிடிவாதம்' என்று எடுத்துக்கொண்டவர்கள், அதில் பாதி பட்டினியின் வேலை என்று புரிந்துகொண்டால் குரலே மாறிவிடும். இன்றைக்கும் பல மருத்துவமனைகளில் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் முதல் சில அமர்வுகளில் இந்தச் சோதனையைச் சொல்கிறார்கள். உனக்குப் புத்தி கெடவில்லை, உடம்பு பசியில் இருக்கிறது என்று சொல்வதற்கு அது உதவுகிறது.

குடும்பத்தை உள்ளே கூப்பிட்டது லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனை. ஜெரால்ட் ரஸல், கிறிஸ்டோபர் டேர், ஐவன் ஐஸ்லர் ஆகியோர் 1987-ல் வெளியிட்ட ஆய்வில் 80 பேர் இருந்தார்கள். எல்லோரும் உள்நோயாளியாகத் தேறி வெளியே வந்தவர்கள், அவர்களில் ஒரு பகுதிக்குக் குடும்பச் சிகிச்சை, ஒரு பகுதிக்குத் தனிநபர் சிகிச்சை. சிறு வயதில் நோய் வந்து மூன்று வருடம் ஆகாதவர்களுக்குக் குடும்பச் சிகிச்சை தெளிவாக நல்ல பலன் தந்தது. வயது கூடிய பின் நோய் வந்தவர்களிடம் அப்படி இல்லை, அவர்களுக்குத் தனிநபர் சிகிச்சை பக்கமே சற்றுச் சாய்வு தெரிந்தது. ஒரே ஆய்வு, ஒரே மருத்துவமனை. யாருக்கு எது என்பது அப்போதே எட்டிப் பார்த்துவிட்டது.

அந்தக் குடும்பச் சிகிச்சையின் இரண்டாம் அமர்வை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுவார்கள்: உங்கள் பிள்ளை தேற வேண்டும் என்றால் எந்தச் சாப்பாடு வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அதை எடுத்து வாருங்கள். குடும்பம் முழுவதும் வரும், அண்ணன் தங்கை உட்பட. சிகிச்சையாளரின் அறையிலேயே சாப்பாடு பிரிப்பார்கள். பிள்ளை தட்டைத் தள்ளும். அம்மா கெஞ்சுவார், அப்பா குரல் உயர்த்துவார், இல்லையென்றால் வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். சிகிச்சையாளர் பிள்ளையிடம் பேச மாட்டார், பெற்றோரிடம் பேசுவார். இரண்டு பேரும் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் உட்காருங்கள், ஒரே விஷயத்தைச் சொல்லுங்கள், விவாதம் வேண்டாம், கலோரி பற்றிப் பேசினால் பதில் சொல்லாதீர்கள், 'இன்னும் ஒரு வாய்' என்று அமைதியாகத் திரும்பச் சொல்லுங்கள். பிள்ளை தானாக எடுக்க நினைத்த அளவைவிட ஒரு வாய் அதிகம் போனாலே அன்றைக்குப் போதும். இதில் கண்டிப்பு இருக்கிறது, ரொம்பவே இருக்கிறது. இல்லாதது குற்றச்சாட்டு. யாரால் நோய் வந்தது என்று தேட மாட்டோம் என்பது முதல் நாளே சொல்லப்படும் விதி. பிள்ளை வேறு, நோய் வேறு, கோபம் எல்லாம் நோய் மேல் என்பது இன்னொரு விதி. தட்டுக்கு முன்னால் இதைக் கடைப்பிடிப்பது பெற்றோருக்குச் சுலபமில்லை, வேலையை விட்டுவிட்டு மூன்று வேளையும் உட்கார வேண்டியிருக்கும். எடை திரும்பி வரவர, சாப்பாட்டின் பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளை கையில் கொடுப்பது அடுத்த கட்டம்.

சரி, அப்படியானால் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுவே மருந்தா? 2010-ல் சிகாகோ, ஸ்டான்ஃபோர்ட் இரண்டிலும் நடந்து வெளியான பெரிய ஆய்வில், சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்து முழுமையாகத் தேறியவர்கள் குடும்பச் சிகிச்சைப் பக்கம் 49%, தனிநபர் சிகிச்சைப் பக்கம் 23%. இரு மடங்கு, சந்தோஷம். ஆனால் அந்த மற்ற 51% யார்? அங்கேதான் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். ஐஸ்லர் குழு 2000-ல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளையை அதிகம் குறைசொல்லும் தாய் இருந்த வீடுகளில் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்ததைவிடப் பெற்றோரைத் தனியாகவும் பிள்ளையைத் தனியாகவும் பார்த்தது நன்றாக வேலை செய்தது. மெல்போர்னில் இதை இன்னும் எளிமையாக்கினார்கள். பிள்ளையை ஒரு செவிலியர் எடை பார்த்துச் சிறிது நேரம் பேசுவார், சிகிச்சையாளர் பெற்றோரை மட்டும் சந்திப்பார். 2016-ல் வெளியான முடிவில், சிகிச்சை முடிந்த நேரத்தில் தேறியவர்கள் இந்த முறையில் 43%, எல்லோரும் சேர்ந்து உட்காரும் முறையில் 22%. குறைசொல்லும் தாய் என்று எழுதும்போதே எனக்கு உறுத்துகிறது, மாதக்கணக்கில் பிள்ளை கண்முன்னே கரைவதைப் பார்த்தவர் எரிந்துவிழத்தான் செய்வார். மாற்ற வேண்டியது அந்த அறையின் ஏற்பாட்டை.

மாட்ஸ்லியின் ஜேனட் ட்ரெஷர் இந்த எரிச்சலையும் பதற்றத்தையும் பெற்றோருக்கே சிரிப்போடு காட்ட விலங்குகளைப் பிடித்தார். பிள்ளையைப் பைக்குள் வைத்துக்கொண்டு எந்தச் சங்கடமும் படாமல் பார்த்துக்கொள்ளும் கங்காரு, முட்டி மோதி வாதாடும் காண்டாமிருகம், எதுவும் நடக்காத மாதிரி தலையை மணலில் புதைக்கும் நெருப்புக்கோழி, கண்ணீரில் கரையும் ஜெல்லிமீன், விடாமல் நச்சரிக்கும் டெரியர் நாய். ஆக வேண்டியது எது என்றால், முன்னால் கொஞ்சம் வழிகாட்டி, பக்கத்தில் கொஞ்சம் நீந்தி, சில நேரம் பின்னால் வரும் டால்ஃபின், பனிமலையில் அலட்டிக்கொள்ளாமல் ஆளைத் தேடி வரும் செயின்ட் பெர்னார்ட் நாய். நம் வீடுகளில் அம்மா கங்காரு, அப்பா காண்டாமிருகம், பாட்டி டெரியர் என்று மூன்றும் ஒரே சமயத்தில் இயங்குவது உண்டு.

பெரியவர்கள் விஷயத்தில் 'இதுதான் சிறந்தது' என்று கைகாட்ட ஒன்றும் இல்லை. நைஸ் வழிகாட்டுதல் வயதுவந்தோரின் அனோரெக்சியாவுக்கு மூன்று விதப் பேச்சுச் சிகிச்சைகளைச் சம வரிசையில் வைக்கிறது. ஆஸ்திரேலியாவில் 120 பேரிடம் அதே மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தபோதும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அப்படிப்பட்ட நிலையில் நோயாளியிடம் மூன்றையும் விளக்கி, உனக்கு எது ஒத்துவரும் என்று கேட்பதுதான் அறிவுக்குப் பொருத்தம். கேட்பதற்கு இன்னொரு காரணம் வெட்கம். உண்ணல் கோளாறு உள்ளவர்கள் தங்களையே திட்டிக்கொள்வதில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை, அதிலும் பிஞ்ச் ஈட்டிங் உள்ளவர்களுக்கு வெட்கமே அடுத்த சுற்றைத் தொடங்கி வைக்கும். பிரிட்டிஷ் உளவியலாளர் பால் கில்பர்ட் உருவாக்கிய கனிவு சார்ந்த சிகிச்சையைக் கென் காஸ் என்பவர் கவன்ட்ரி நகரில் உண்ணல் கோளாறுகளுக்காக மாற்றியமைத்தார். தன்னைத் தானே கண்டிப்பதை நிறுத்தினால் கட்டுப்பாடே போய்விடும் என்ற பயத்தை நேரடியாக எடுத்துப் பேசுவது அதில் முக்கியம். கனடாவில் நடந்த ஓர் ஆய்வில், சிகிச்சையின் ஆரம்ப வாரங்களிலேயே தன்மீது கொஞ்சம் கனிவு கூடியவர்களுக்கு வெட்கமும் நோய் அறிகுறிகளும் மற்றவர்களைவிட வேகமாகக் குறைந்தன.

ஆளுக்கேற்ற சிகிச்சை என்பது கேட்க அழகாக இருக்கும், நடைமுறையில் எப்படி இருக்கும்? தெற்கு லண்டனில் மாட்ஸ்லி சார்ந்த உள்நோயாளிப் பிரிவில், அனோரெக்சியாவுக்கு வருபவர்களில் ஆட்டிசம் உள்ளவர்கள் கணிசமாக இருப்பதைக் கேட் சான்டூரியா குழு கவனித்தது. அவர்களுக்குச் சிலருக்குத் தட்டில் ஒன்றோடொன்று கலந்த குழம்பே பிரச்சினை, சிலருக்குச் சாப்பாட்டறைச் சத்தம். 'ஒத்துழைக்காத நோயாளி' என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டவர்கள் இவர்கள். 'பீஸ்' என்ற பெயரில் அவர்கள் செய்த மாற்றங்கள் சாதாரணமானவை: சுவருக்குக் கண்ணை உறுத்தாத நிறம், கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது பொருட்கள் உள்ள பெட்டி, காரமும் மணமும் கலவையும் குறைந்த தனி உணவுப் பட்டியல், என்னிடம் எப்படிப் பேச வேண்டும், எது என்னைப் பதறவைக்கும் என்று நோயாளியே நிரப்பிக் கொடுக்கும் ஒரு தாள். சாப்பாட்டின் சத்து குறையவில்லை, அது வரும் விதம்தான் மாறியது. இன்னொரு உதாரணம் டைப் 1 சர்க்கரை நோய். எடை குறைய இன்சுலினைத் தவிர்க்கும் இளைஞர்களைச் சர்க்கரை மருத்துவர் திட்டி அனுப்புவார், மனநல மருத்துவருக்கு இன்சுலின் கணக்கு தெரியாது. 2019-ல் இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை லண்டனிலும் வெஸ்ஸெக்ஸ் பகுதியிலும் இரண்டு தரப்பையும் ஒரே குழுவாக உட்கார வைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது.

உடம்பைத் தேற்றுவதிலும் இதே கதைதான். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிட்டால் இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சரிந்து இதயமே நின்றுவிடலாம். இரண்டாம் உலகப் போரில் விடுவிக்கப்பட்ட கைதிகள் சிலர் சாப்பாடு கிடைத்த பிறகு இறந்ததில்தான் மருத்துவர்கள் இதைக் கற்றார்கள். அந்தப் பயத்தில் அப்புறம் எல்லோருக்கும் மிகக் குறைவாகத் தொடங்கி மிக மெதுவாக ஏற்றினார்கள், அதனால் மருத்துவமனைக்குள்ளேயே இன்னும் எடை இழந்தவர்களும் உண்டு. அண்மைக்கால ஆய்வுகள், கண்காணிப்பு இருந்தால் பதின்ம வயதினருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தொடங்கலாம், சீக்கிரம் நிலைப்படுகிறார்கள் என்கின்றன. பிரிட்டிஷ் மனநல மருத்துவர்களின் 2022 வழிகாட்டுதலும் இரண்டு ஆபத்தையும் சேர்த்தே எச்சரிக்கிறது. யாருக்கு எந்த வேகம் என்பதை இரத்தப் பரிசோதனையும் இதயத் துடிப்பும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கடினமான கேள்வி, பல வருடங்களாக நோயோடு இருப்பவர்களைப் பற்றியது. ஏழு வருடத்துக்கு மேல் நோய் உள்ள 63 பேரை வைத்து அதே டூயிஸ் குழு 2013-ல் ஒரு முடிவை வெளியிட்டது. எடையை முதல் இலக்காக வைக்காமல் வாழ்க்கையைக் கொஞ்சம் நன்றாக்குவோம் என்று தொடங்கினார்கள். இந்த நோயில் பாதியில் விட்டுப் போவதுதான் வழக்கம், இங்கே பெரும்பாலோர் கடைசி வரை இருந்தார்கள், அவர்கள் நிலையும் முன்னேறியது. இதையே இன்னும் தள்ளிக்கொண்டுபோய், 2022-ல் அமெரிக்காவில் சிலர் 'இறுதிநிலை அனோரெக்சியா' என்று ஒன்று உண்டு என எழுதினார்கள், கடும் எதிர்ப்பும் வந்தது. நான் எதிர்ப்பவர்கள் பக்கம்தான். பாஸ்டனில் 200-க்கு மேற்பட்ட பெண்களை நீண்டகாலம் பின்தொடர்ந்த ஆய்வில் அனோரெக்சியா இருந்தவர்களில் சுமார் 9 வருடத்தில் தேறியவர்கள் 31%, 22 வருடத்தில் அது 63%. பத்து வருடத்தில் தேறாதவர் இனித் தேறமாட்டார் என்று எழுதிவிட்டிருந்தால் அந்த இரண்டாம் பாதியை இழந்திருப்போம். அழுத்தாமல் விடுவது வேறு, கைகழுவுவது வேறு.

நம் பக்கம் இதெல்லாம் உண்டா என்றால் உண்டு, ஆனால் முகம் கொஞ்சம் வேறு. வேலூர் சிஎம்சி 2007-ல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகள் மனநலப் பிரிவுக்கு வந்தவர்களில் 1.25% பேருக்கு உண்ணல் கோளாறு. அதில் 85%-க்கு மேல் மனம் சார்ந்த வாந்தி, அனோரெக்சியா சிறு பங்குதான். சென்னையில் 210 மருத்துவ மாணவர்களிடம் நடந்து 1998-ல் வெளியான ஆய்வு, மேலை நாட்டு வரையறைக்குள் முழுதாக அடங்காத, ஆனால் சாப்பாடும் உடம்பும் பற்றிய தவிப்பை 14.8% பேரிடம் கண்டது. அதற்கெனத் தனிக் கேள்வித்தாளே தயாரிக்க வேண்டியிருந்தது. இருந்த கேள்வித்தாள்களை அப்படியே கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதை வட இந்தியப் பள்ளி மாணவிகளிடம் 1980-களில் நடந்த ஆய்வு காட்டியிருந்தது: விரதம் இருப்பவர்களும் 'கோளாறு' பக்கம் விழுந்தார்கள். டெல்லியில் 1995-ல் பதிவான நோயாளிகளிடமும், ஹாங்காங்கில் சிங் லீ பார்த்த பலரிடமும், குண்டாகிவிடுவோம் என்ற பயமே இல்லை. வயிறு உப்புசம், பசியில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றார்கள். நம் ஊரில் அப்படிச் சொல்லும் பெண் நேராக வயிற்று மருத்துவரிடம் போவார், எண்டோஸ்கோப்பி எடுப்பார், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சத்து டானிக்கோடு திரும்புவார். 'உனக்குக் குண்டாகப் பயமா?' என்ற ஒரே கேள்வியோடு நிற்கும் மருத்துவர் அவரைக் கண்டுபிடிக்கவே மாட்டார். புலம்பெயர்ந்த இடத்திலும் இப்படித்தான், லெஸ்டர் நகரத்தில் 15 ஆண்டுப் பதிவுகளைப் பார்த்தபோது உண்ணல் கோளாறு மையத்துக்கு வந்த ஆசியர்களின் எண்ணிக்கை அவர்களுடைய மக்கள்தொகைக்கு ஈடாக இல்லை. வந்து சேர்ந்தாலும் டோஸ்ட், கார்ன்ஃப்ளேக்ஸ் என்று எழுதிய உணவுத் திட்டத்தை இடியாப்பமும் சொதியும் சமைக்கும் வீட்டில் கொடுத்தால் அம்மா எதை வைத்து எதைக் கணக்குப் போடுவார்?

நம் வீடுகளுக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தேறி வரும் பிள்ளையைப் பார்த்து அத்தையும் பக்கத்து வீட்டு அக்காவும் அன்போடுதான் சொல்வார்கள், "இப்பதான் பூசினாப்ல நல்லா இருக்கே", "கன்னம் வெச்சிடுச்சே". நோயின் காதில் அது 'குண்டாயிட்டே' என்றே விழும், அன்று இரவுச் சாப்பாடு நின்றுபோகும். உறவுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதும் சிகிச்சையில் சேர்த்திதான். உடம்பைப் பற்றி எதுவும் வேண்டாம், படிப்பு, கிரிக்கெட், சீரியல் எது வேண்டுமானாலும் பேசுங்கள். சிகிச்சை நடக்கும் காலத்தில் விரதத்துக்கு விடுப்பு என்பதை வீட்டுப் பெரியவர் வாயாலேயே சொல்ல வைத்தால் இன்னும் நல்லது.

சந்தேகம் இருந்தால் முதலில் பார்க்கும் மருத்துவரிடம், அவர் எந்தப் பிரிவாக இருந்தாலும், எவ்வளவு எடை என்பதோடு எத்தனை மாதத்தில் எவ்வளவு போனது என்பதையும் சொல்லுங்கள். மாதவிலக்கு நின்றிருந்தால், சாப்பிட்டவுடன் கழிவறைக்குப் போவது வழக்கமானால், எழுந்தால் தலைசுற்றினால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். படுத்தும் நின்றும் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், ஈசிஜி, பொட்டாசியம், பாஸ்பேட் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். இரத்தப் பரிசோதனை சரியாக வந்தால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை, நிலைமை மோசமாக இருப்பவர்களுக்கும் அது சரியாகவே வருவது உண்டு. மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, தன்னை முடித்துக்கொள்ளும் பேச்சு இருந்தால் அடுத்த வாரம் வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். யாரிடம் போவது என்றே தெரியவில்லை என்றால் இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, நாள் முழுவதும் இலவசம், தமிழில் பேசலாம். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி மருத்துவக் காப்பீடு மனநோயையும் உடல்நோய் மாதிரியே ஏற்க வேண்டும், மறுத்தால் அதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.